பூந்தொட்டி வைக்கிற மேசையில்லை அது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில், பழைய சாமான்களை வைத்து வீட்டை அழகுபடுத்துவது பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். பித்தளை அண்டா, பல்லாங்குழி, செட்டிநாட்டு நிலைக்கதவு எல்லாம் வரிசையாக இருந்தன. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நடுப்பக்கத்தில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் படம் இருந்தது. அதன் தட்டின் மேல் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் பாட்டில், பாட்டிலில் மணிபிளான்ட். பாட்டுக் கேட்கும் காலம் போய்விட்டதால் இப்போது இது வரவேற்பறைக்கு அழகு என்கிற அர்த்தத்தில் கீழே ஒரு வரி. குடித்துக்கொண்டிருந்த காபியை வைத்துவிட்டேன்.

படத்தில் இருப்பது ஜப்பான் கம்பெனியான டெக்னிக்ஸின் எஸ்.எல். 1200 மார்க்-2. அதே மாடல் பொன்மலையில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. 1983 முதல் இருக்கிறது. இந்தக் கடிதம் எழுதுகிற இன்று காலையிலும் இரண்டு பக்கம் பாடிவிட்டுத்தான் ஓய்ந்தது.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் 1974-இல் சேர்ந்து 2013-இல் ஃபிட்டராக ஓய்வுபெற்றவன். சங்கீத ஞானம் கிடையாது. ராகம் கேட்டால் பத்துக்கு நாலு தப்பாகச் சொல்வேன். ஆனால் ஒரு மிஷின் நன்றாக ஓடுகிறதா இல்லையா என்பது காதில் விழுந்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

என் மச்சான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். முதல் தடவை ஊர் திரும்பியபோது எல்லோரும் கொண்டுவருகிற டூ-இன்-ஒன் கொண்டுவராமல், பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கிற இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி விலைக்கு யாரிடமோ வாங்கியிருக்கிறார். கூடவே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மீனம்பாக்கத்தில் சுங்கத் தீர்வை கட்டிவிட்டு, திருச்சிக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கரண்டில் மாட்டினோம். தட்டு சுற்றியது, சிவப்பு விளக்கு எரிந்தது. ஊசிக்கு ரொம்பப் பக்கத்தில் காதை வைத்தால் கொசு பாடுகிற மாதிரி கேட்டது. "மச்சான், இதுக்கா இவ்வளவு காசு?" என்று என் மனைவிக்கு முன்னால் கேட்டுவிட்டு, அதற்கு அப்புறம் ஒரு வாரம் நான் பட்டது தனிக்கதை.

அப்போது சிங்காரத்தோப்புப் பக்கம் ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தார். எங்களுக்கெல்லாம் அண்ணன். ஐ.டி.ஐ. படித்தவர், அதிகம் பேசமாட்டார். அவர்தான் ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் செட் வாங்க வக்கில்லாத என் மாதிரி ஆட்களுக்கு 'அசெம்பிள்டு செட்'தான் கதி. சாமான் பட்டியல் எழுதிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வந்தோம். சேனலுக்கு 40 வாட் என்றார். ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் டிரான்சிஸ்டர் 2என்3055. மெக்கானிக்குகள் வாயில் அது 'டூ என் த்ரீ ஜீரோ டபுள் ஃபைவ்'. வறுகடலை உருண்டையைத் தட்டையாக அமுக்கிய மாதிரி ஒரு உலோகத் தொப்பி, அடியில் இரண்டு கால், இரண்டு ஸ்குரூ ஓட்டை. அதற்கும், சூட்டை இழுத்து வெளியே விடுகிற ஹீட் சிங்க் தகட்டுக்கும் நடுவில் அபிரகத் துண்டு வைத்து வெள்ளைப் பசை தடவி முடுக்குவார்கள். ஸ்பீக்கர் பெட்டியைப் பணிமனை கார்பென்டர் ஒருவர் முக்கால் அங்குலப் பிளைவுட்டில் செய்தார். கனத்த சத்தத்துக்குப் பத்து அங்குல ஊஃபர், கீச்சுச் சத்தத்துக்கு ஒரு ட்வீட்டர். அவ்வளவுதான் என் ஹை-ஃபை.

முதலில் வைத்தது ஷேக் சின்ன மௌலானா சாகிபின் நாகஸ்வர ரெக்கார்ட். அவர் எங்கள் சீரங்கத்திலேயே குடியிருந்தவர். நேரில் கேட்டிருக்கிறேன். அதனால் செட் பொய் சொன்னால் பிடித்துவிடலாம் என்று கணக்கு. அன்று அண்ணன் கேட்கச் சொன்னது நாகஸ்வரத்தை இல்லை, தவிலை. "வலந்தலையில கூடு மாட்டின விரல் விழுதே, அது தெறிச்சுக் கேட்டா ட்வீட்டர் சரி. தொப்பியில குச்சி விழுறது வயித்துல கேட்டா ஊஃபர் சரி. ரெண்டும் ஒரே ஆள் அடிக்கிற மாதிரி இருந்தா செட் சரி" என்றார். இன்றுவரை எந்தக் கடையில் எந்த ஸ்பீக்கரைக் கேட்டாலும் நான் இந்தப் பரீட்சைதான் வைக்கிறேன். விற்கிற பையன்கள் தவில் பாட்டு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

இத்தனை வருஷம் இது எப்படி ஓடுகிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஜப்பான்காரன் சாமான் அப்படித்தான் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். பாதிதான் சரி.

டெக்னிக்ஸில் பெல்ட் கிடையாது. மற்ற பல பிளேயர்களில் மோட்டார் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் இருக்கும். நடுவில் ரப்பர் பெல்ட்டோ ரப்பர் சக்கரமோ இழுக்கும். நம்மூர் வெயிலுக்கு அந்த ரப்பர் சீக்கிரம் இளகும், இல்லை இறுகும். பாட்டு அசைந்து அசைந்து வரும். இதில் தட்டின் அடியிலேயே காந்தம் பொருத்தியிருக்கிறார்கள். கீழே நிற்கிற காயிலின் மேல் தட்டு தானே சுற்றுகிறது. அதாவது தட்டும் மோட்டாரில் ஒரு பாகம். வேகத்தை ஒரு குவார்ட்ஸ் கல் பார்த்துக்கொள்வதால், தெருக் கரண்ட் குறைந்தாலும் கூடினாலும் 33⅓ சுற்று மாறாது. தட்டின் ஓரத்தில் இருக்கிற புள்ளிகள் சிவப்பு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் வேகம் சரி என்று அர்த்தம். என் பேரன் சின்னப் பிள்ளையில் சோறு உண்டதே அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான்.

இதன் கையேட்டில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2000 மணி நேரம் ஓடியபின் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விடவும் என்று இருக்கும். தினம் இரண்டு பக்கம், முக்கால் மணி நேரம் என்று வைத்தால் வருஷத்துக்கு 270 மணி சொச்சம். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று சொட்டு! எஞ்சினுக்கு எண்ணெய் விட்டே காலம் கழித்தவன் நான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு சத்தமாகச் சிரித்திருக்கிறேன்.

பணிமனையில் ஒரு ரயில் பெட்டி பீரியாடிக்கல் ஓவர்ஹாலுக்கு (பி.ஓ.ஹெச்.), அதாவது முழுசாக அவிழ்த்துப் பூட்டுகிற வேலைக்கு, வந்து போனால் அதன் முகப்பில் பி.ஓ.ஹெச். தேதி, ரிட்டர்ன் தேதி, எங்கள் பணிமனையின் அடையாளமான ஜி.ஓ.சி. எழுத்து எல்லாம் பெயின்டில் எழுதி அனுப்புவோம். நீலகிரி மலை ரயிலுக்கு ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் அத்தனை வருஷம் மலை ஏறியது இப்படி அவிழ்த்து அவிழ்த்துப் பூட்டியதால்தான். அந்தப் பழக்கத்தில் நானும் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத் தகட்டில் வெள்ளைப் பெயின்டில் எழுதிவைத்திருக்கிறேன். 1999, ஃபில்டர் கண்டென்சர் இரண்டும் புதிது. 2007, டிரான்ஸ்பார்மர் ரீவைண்டிங். 2016, மறுபடி கண்டென்சர், வால்யூம் கன்ட்ரோல்.

கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துகிற இந்தக் கண்டென்சர்தான் இந்த மாதிரி செட்டுகளின் ஆயுள் ரேகை. உள்ளே ஈரமான ஒரு திரவம் இருக்கும், வருஷம் போகப் போகக் காயும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்கிற கணக்கு. சித்திரை மாதத்துத் திருச்சியில் ஆம்ப்ளிஃபயரை மூடிய ஷோகேஸில் வைக்கிறவர்கள் இதை யோசிக்கட்டும். காய்ந்துவிட்டால் பாட்டுக்கு அடியில் 'உம்ம்ம்' என்று ஒரு சுருதி கேட்கும், தம்பூராக்காரர் எழுந்து போக மறந்த மாதிரி. 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டு வாங்கி மாற்றினால் போதும், ஒரு சினிமா டிக்கெட் காசு.

2007 கதை வேறு. ஐப்பசி மழையில் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து வீட்டுக்குள் ஏகத்துக்கு வோல்ட் ஏறியது. ஃபிரிட்ஜ், டி.வி., இரண்டு ஃபேன், எல்லாம் போயின. ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்பார்மர் மட்டும் கருகி, அதற்குப் பின்னால் இருந்ததை எல்லாம் காப்பாற்றியது. ஃபியூஸைக் காப்பாற்றுவதற்காக டிரான்ஸ்பார்மர் உயிரைக் கொடுத்தது என்றும் சொல்லலாம், ஏனென்றால் ஃபியூஸ் போன இடத்தில் நான்தான் முந்தின மாதம் தடித்த கம்பி போட்டிருந்தேன். ஃபிட்டர் புத்தி. அண்ணன் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார்.

பழசு எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்தக் காலத்தில் வந்த மட்டமான செட்டுகள் எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. பிழைத்துக் கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலமே ஒசத்தி என்பது, நூறு வயதுக் கிழவரைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்தில் யாருமே சாகவில்லை என்பதைப் போல. பொன்மலைச் சந்தையில் ஒரு ஜோடி வெளிநாட்டு ஸ்பீக்கரை ஆசைப்பட்டு வாங்கினேன். கூம்பைச் சுற்றி நுரை ரப்பர் வளையம். வீட்டுக்கு வந்து விரலால் தொட்டேன், வறுத்த ரவை மாதிரி உதிர்ந்தது. அந்த நுரை அப்படித்தான், பதினைந்து இருபது வருஷத்தில் தானாக உதிரும். பெரிய பெயர், பெரிய விலை, ஆனால் அதில் ஆயுள் இல்லை. எங்கள் கார்பென்டர் பெட்டியில் இருக்கிற சாதா ஊஃபருக்கு வளையமும் துணியில்தான், மடிப்பு மடிப்பாக. அது இன்னும் குத்துக்கல் மாதிரி இருக்கிறது. நடுவில் இருக்கிற குமிழை மட்டும் என் பேத்தி ஆள்காட்டி விரலால் உள்ளே அமுக்கிவிட்டாள். செல்லோடேப் ஒட்டி இழுத்ததில் முக்கால்வாசி வெளியே வந்தது. ஸ்பீக்கர் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது நடக்காமல் இருக்காது.

அப்பாவின் வால்வு ரேடியோவும் இருக்கிறது, தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகத்தோடு. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியை நாங்கள் கேட்டு வளர்ந்தது அதில்தான். இப்போது எல்.ஈ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் சேர்ந்து மீடியம் வேவில் போடுகிற இரைச்சலில் திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸைப் பிடிப்பதே பெரும்பாடு. அதன் மேல் என் மனைவி கொலு பொம்மை வைக்கிறாள். அதைக் காட்சிப் பொருள் என்று எழுதினீர்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தான். குற்றம் சொல்ல முடியாது, அளவுக்கு நல்ல சத்தம். என் மனைவி சமையலறையில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் வருஷம் சார்ஜ் நிற்கவில்லை. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் இதே பாட்டுத்தான் பாடுகிறது. பேட்டரி மாற்ற வராது, பாடியை ஒட்டிவிட்டார்கள், திறந்தால் உடையும் என்றார்கள். பழசைக் கொடுத்தால் புதிதில் கொஞ்சம் கழிவு உண்டாம். "தம்பி, ஒரு ஸ்குரூ கூடவா இல்லை?" என்றேன். அந்தப் பெண், தம்பி இல்லை பெண், மாஸ்க் போட்டிருந்ததால் கவனிக்கவில்லை, "சார், ஸ்குரூ இருந்தா நீங்களே திறந்துடுவீங்களே" என்றது. அந்தப் பிள்ளை கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னது.

2016-க்குப் பிறகு அண்ணன் இல்லை. போன வருஷம் ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் செத்துவிட்டது. யாரிடம் போவது? ஆர்மரி கேட் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற பையனிடம் தயங்கித் தயங்கி எடுத்துப் போனேன். இருபத்து நாலு வயது இருக்கும். "தாத்தா, இதை நான் பார்த்ததே இல்லையே" என்றான். மேல் மூடியைக் கழற்றினான். மொத்தம் ஆறு ஸ்குரூ. மூடியின் உள்பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

அண்ணன் கட்டும்போதே முழு சர்க்யூட்டையும் கிராஃப் பேப்பரில் நீல மையில் வரைந்து உள்ளே ஒட்டியிருந்தார். எந்தெந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் குறித்திருக்கிறார். பிறகு மாற்றிய சாமான்கள் சிவப்பு மையில், தேதியோடு. நான் பெயின்டில் எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததை அவர் உள்ளே எனக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். நான் அதுவரை அந்த மூடியைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

"தாத்தா, எல்லாம் எழுதியே வச்சிருக்காங்க. இதுக்கு நான் என்ன படிக்கணும்?" என்றான் பையன். மீட்டரை எடுத்து நீலக் குறிப்புப்படி ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனான். இடது பக்கத்தில் ஒரு 2என்3055 ஷார்ட்டாகியிருந்தது. ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வரவழைத்து மூன்றாம் நாள் மாட்டிவிட்டான். கூலி இருநூறு ரூபாய் கேட்டான், நான் ஐந்நூறு கொடுத்தேன். வால்வு ரேடியோ காலத்தில் கம்பெனிகளே இப்படி சர்க்யூட் படத்தை மூடிக்குள் ஒட்டியோ புத்தகமாகவோ கொடுப்பார்கள். நம் சாமானை ஊர் பேர் தெரியாத ஒருத்தன் ஒருநாள் திறப்பான் என்று எதிர்பார்த்துச் செய்தார்கள். இன்றைக்கு அவன் திறந்துவிடக் கூடாது என்று பசை போடுகிறார்கள்.

2022-இல் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு வகை சொன்னார்கள். படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டமாக எப்போது, என்ன வடிவில் வந்தாலும் அதில் சர்க்யூட் படமும் ஸ்குரூவும் இருக்க வேண்டும். அவை இல்லாத உரிமை எனக்கு வேண்டாம். டெக்னிக்ஸ்காரர்கள் 2010-இல் இந்த 1200 வரிசையை நிறுத்திவிட்டு, 2016-இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். புதிதின் விலைக்கு என் பென்ஷன் பக்கத்தில்கூட வராது. நிறுத்தியிருந்த அந்த ஆறு வருஷமும் பழைய பிளேயர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, திறக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால். அதேபோல நான் பயன்படுத்திய ஷூர் ஊசியை அந்தக் கம்பெனி 2018-இல் கைவிட்டது. ஆடியோ-டெக்னிகாவின் பச்சை ஊசிக்கு மாறிக்கொண்டேன். கைப்பிடித் தலையைக் கழற்றி வேறு கம்பெனி ஊசியை மாட்டி, இரண்டு கிராம் பாரம் வைத்தால் பாடுகிறது. என் பேரன் செல்போனிலிருந்து ஒரு வயரை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் செருகி, எனக்குப் புரியாத பாட்டெல்லாம் கேட்கிறான். 1983-இல் வைத்த ஓட்டை அதற்கும் பொருந்துகிறது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பொருளைப் படம் போடுகிற இடத்தில் கால் பத்தி ஒதுக்கி, மாவட்டத்துக்கு ஒரு பழுதுபார்ப்பவரைப் பற்றி எழுதுங்கள். ஆம்ப்ளிஃபயர், தையல் மிஷின், கிரைண்டர், எதுவானாலும் சரி. டிரான்ஸ்பார்மர் காயில் கட்டுகிறவர், ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றுகிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே எத்தனையோ செட்டுகள் பரணுக்குப் போகின்றன. எங்கள் ஊர்ப் பையனைப் பற்றி எழுதுவதானால் அழைத்துவருகிறேன். அவன் இப்போது மூடிக்குள் சிவப்பு மையில் தன் தேதியையும் எழுதியிருக்கிறான். கையெழுத்துதான் கோழி கிளறிய மாதிரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர் ஒருவர்,
பொன்மலை, திருச்சி-4.

பின்குறிப்பு: படத்தில் இருந்த பிளேயர் யாருடையதோ, தயவுசெய்து அவரிடம் சொல்லி அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கச் சொல்லுங்கள். தட்டுக்கு நடுவில் இருக்கிற துளை வழியாக நீர் இறங்கினால் நேராக காயில்மேல்தான் விழும். அவருக்கு அது வேண்டாம் என்றால், கையில் தூக்கிக்கொண்டு போக நான் பஸ் ஏறி வரத் தயார்.